எட்டுக் கோழிகளின் குளியல்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் வலது கண் அவிந்துபோகட்டும். கடிகாரம் பழுதுபார்க்கிறவன் வலது கண்ணை வைத்துச் செய்கிற சத்தியம் சாமானியமானதல்ல. லென்ஸை மாட்டிக்கொள்வது அந்தக் கண்ணில்தான். இடது கண்ணை வைத்துச் சத்தியம் செய்கிற கடிகாரக்காரனை நீங்கள் நம்பவே வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்றாம் நாள் என் மனைவி எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து இறங்கினாள். பெட்டியை மாமனார் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் கையில் ஒரு பெரிய கூடை இருந்தது. அதற்குள் எட்டுக் கோழிகள். புகுந்த வீட்டுக்கு வரும்போது பெண்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் ஒரு கைக்குட்டையைத் துவைத்து மடித்துத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கூடையை என் கையில் கொடுத்து, "ஆட்டாம பிடிங்க, அதுங்களுக்குத் தலைசுத்தல்" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் நாங்கள். வீட்டுக்காரர் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மேஜைக்கு அடியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாராம். ஓய்வு பெற்ற பிறகு இழுத்துப் பார்க்க மேஜை கிடைக்காமல் மெலிந்துபோயிருந்தார். கோழிகளைக் கண்டதும் அவர் முகத்தில் பத்து வயது குறைந்ததை நானே பார்த்தேன்.

"தம்பி, அடுத்த மாசம் பத்தாம் தேதி வந்து பார்ப்பேன். ஈரம், வாடை, எலி, ஒண்ணும் இருக்கக் கூடாது. கோழி உட்கார்ற கட்டைக்கு அடியில துணியால துடைப்பேன். ஒரு சிவப்புக் கோடு விழுந்தாலும் கோழி இங்க இருக்கக் கூடாது."

சிவப்புக் கோடு என்றால் செள்ளு. ஊசிமுனை அளவுப் பூச்சி. பகலெல்லாம் கட்டையின் விரிசலில் ஒளிந்திருந்து, கோழி தூங்கியதும் ஏறி ரத்தம் குடிக்கும். துணியில் நசுங்கினால் சிவக்கும். மனிதர் விஷயம் தெரிந்தவர்.

அவர் போனதும் என் மனைவி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில், "கோழிங்க போனா நானும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. தேவையான துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மூடி வைத்தாள்.

அவளை எனக்குத் தெரிந்து நாலே நாள். ஆனால் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கு நாலு நாளில் காது பழகிவிடுகிறது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

கோழிகளுக்கு மரக்கூண்டு ஒன்று அடித்து, அதைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, நான்கு கால்களையும் எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினேன். எறும்பு ஏறாது. முன்னால் கோழிகள் உலாவுகிற இடத்தைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை அடித்து, அதை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கி, நுனியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தேன். எலி தோண்டினால் வலைதான் தட்டும். மூன்றாம் நாள் ஒரு பெரிய எலி வந்தது. வலையின் ஓட்டையை மீசையால் அளந்து பார்த்தது. இன்னொரு ஓட்டையையும் அளந்தது. பிறகு போய்த் தன் மனைவி மக்களை அழைத்து வந்து காட்டியது. எல்லோரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வரிசையாக முன்கட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கடைசியாகப் போன கிழ எலி என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கே மனசு கேட்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி வழிந்து நனையும் மூலையில் வாய்க்கால் வெட்டி ஈரத்தை வெளியே திருப்பினேன். தச்சரிடம் மரத்தூள் வாங்கி நாலு விரல் கனத்துக்குக் கூண்டுக்குள் பரப்பினேன். தினமும் காலையில் எச்சத்தை வாரிவிட்டுத் தூளைக் கிளறிவிடுவேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தேன். அப்புறம் கூண்டு எவ்வளவு காய்ந்துபோயிற்று என்றால், கோழிகள் இட்ட முட்டையை உடைத்தால் உள்ளே மாவாகக் கொட்டியது. தண்ணீர் விட்டுக் கரைத்துத்தான் ஆம்லெட் போட்டோம். ருசியில் குறை சொல்ல முடியாது.

மத்தியான வேளையில் வேலை மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வேன். வெளியே எட்டுக் கோழிகளும் தொண்டைக்குள்ளேயே எதையோ பேசிக்கொண்டிருக்கும். அவள் படியில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்வாள். புது மரத்தூள் வாசனை உள்ளே வரும். பழுதுக்கு வந்த பதினேழு கடிகாரமும் பதினேழு விதமாகத் துடிக்கும். இப்போதும் எங்கேயாவது தச்சுப் பட்டறையைக் கடந்து போனால் என் கால் தானாக மெதுவாகிவிடும்.

இங்கேதான் என் புத்தி குறுக்கே வந்தது. வலைக்குள் ஒரு மூலையில் கோழிகள் பள்ளம் பறித்து வைத்திருந்தன. அதில் படுத்துப் புரண்டு, சிறகை அடித்து, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும். ஒரு தூசு விழுந்தாலும் பொறுக்காத தொழில் என்னுடையது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பள்ளத்தை மூடிச் செங்கல் பாவிக் கழுவிவிட்டேன். பளிச்சென்று இருந்தது. அவள் வந்து பார்த்தாள். அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாராட்டப் போகிறாள் என்று நான் ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

பத்தே நாளில் கோழிகள் ஓயாமல் அலகால் உடம்பைக் கோத ஆரம்பித்தன. கொண்டை வெளுத்தது. லென்ஸை மாட்டிக்கொண்டு கட்டைக்கு அடியில் பார்த்தேன். ஊரே குடியிருந்தது. இடுக்கியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணிக்கை தப்பவில்லை. அதில் ஒன்று எப்படியோ என் மேஜைக்கு வந்து, பதினொரு வருடமாக ஓடாத ஒரு டீச்சரம்மாவின் கைக்கடிகாரத்துக்குள் புகுந்து சக்கரத்தைத் தள்ள ஆரம்பித்தது. கடிகாரம் நாலு நாள் நிமிஷம் பிசகாமல் ஓடியது. டீச்சரம்மா என்னை வாயாரப் புகழ்ந்தார். ஐந்தாம் நாள் நாலு பத்துக்கு அது நின்றதற்கு நான் என்ன காரணம் சொல்ல முடியும்?

எட்டாம் தேதி காலை என் மனைவி பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, அதுங்க குளிக்கிற இடத்தப்போய் அடைச்சுட்டீங்களே."

"கோழி எங்க குளிக்கும்?"

"உங்களவிட ஒழுங்கா குளிக்கும். மண்ணுலதான் குளிக்கும். தூசு இறகுக்குள்ள போய் அடைச்சாத்தான் பூச்சி சாகும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். செங்கல்லைப் பெயர்த்தேன். அவள் கட்டைகளைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, அடுப்பருகில் காயவைத்து, விரிசலெல்லாம் மண்ணெண்ணெய் தடவினாள். பழைய மரத்தூளை வாரி எரித்தோம். ஆனால் குளிக்க மண் வேண்டும். காய்ந்த மண். ஒரு வாரமாக விடாத மழை. ஊரில் இருந்த மண்ணெல்லாம் சேறு. எங்கள் அடுப்புச் சாம்பல் ஒரு கோழியின் கால் கழுவக்கூடக் காணாது. என் வீட்டிலோ தூசு என்பதே கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் வீட்டுக்காரரின் சுவர்க்கடிகாரம் ஞாபகம் வந்தது. மாதம் ஒரு தடவை நான் போய்ச் சாவி கொடுத்து, துடைத்து வைப்பது வழக்கம். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி முக்காலி போட்டுக் கொடுத்தார். ஏறி நின்றால், பக்கத்து அலமாரியின் தலையில் முப்பது வருடத் தூசு, மாவு சலித்தது மாதிரி, பொடிப்பொடியாக, சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. ஊரெல்லாம் மேஜைக்கு அடியில் துடைத்த மனிதர் தன் வீட்டு அலமாரிக்கு மேலே பார்த்ததில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் உள்ளே போய் இரண்டு சாக்கு கொண்டுவந்தார். "பரண்லயும் இருக்கு, தம்பி. சத்தம் போடாம அள்ளுங்க."

இரண்டு சாக்கும் நிறைந்தது. மூன்றாவதற்கு அந்த அம்மாள் தலையணை உறை கொடுத்தார்.

சாம்பலைக் கலந்து பள்ளத்தில் கொட்டினோம். மேலே தகரம் மறைத்தோம். எட்டுக் கோழிகளும் சுற்றி நின்று, முதலில் யார் என்பதுபோல் ஒன்றையொன்று பார்த்தன. அப்புறம் இரண்டு நாள் யாரும் எழுந்து வெளியே வரவில்லை. தீனியைக்கூடப் படுத்துக்கொண்டே சாப்பிட்டன.

பத்தாம் தேதி வீட்டுக்காரர் துவைத்து இஸ்திரி போட்ட துணியோடு வந்தார். மோந்து பார்த்தார். மரத்தூளைப் பிடித்து இறுக்கிப் பார்த்தார், கையில் ஒட்டவில்லை. எலி வளை இருக்கிறதா என்று வலையோரம் குனிந்து சுற்றினார். கடைசியில் கட்டைக்கு அடியில் துணியை வைத்து ஒரு இழுப்பு. என் மனைவி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த ஒரு இழுப்புக்கு ஆன நேரத்தில் என் பதினேழு கடிகாரமும் நின்றுவிட்டன. இதை அப்புறம் சரிபார்த்தேன்.

துணி உள்ளே போனதைவிட வெள்ளையாக வெளியே வந்தது.

அவருக்கு நம்ப முடியவில்லை. குளித்துக்கொண்டிருந்த கோழி ஒன்று சிறகை உதற, தூசு அவர் மூக்கில் ஏறி ஒன்பது தும்மல் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்தார். "நல்ல மண்ணா இருக்கே. ஏம்மா, எங்க பிடிச்சீங்க?"

"தேடித் தேடி எடுத்தோம், ஐயா" என்றாள் அவள். "இந்த மாதிரி மண்ணு சேர முப்பது வருஷமாவது ஆகும்."

"கோழிய வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, துணியை மடித்து வருத்தத்தோடு பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவள் பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். முழுவதையும் பிரித்து, ஒவ்வொரு துணியாக அலமாரியில் என் சட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். காலிப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "மேல போட்டுடுங்க, இனிமே வேண்டாம்" என்றாள். அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம். படியில் உட்கார்ந்து அவள் கோழிகளோடு பேசுவது கேட்காத மத்தியானம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

போன மாதத்தோடு எனக்கு எழுபத்தைந்து முடிந்தது. லென்ஸை இப்போது இடது கண்ணில்தான் மாட்டிக்கொள்கிறேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.