மாப்பிள்ளைக்கு ஒரு மழைக்கோட்டு

ஜெர்சனுக்கு மாமியார் வீட்டில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. அதுதான் அவன் குறை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் போபோடியில் இருக்கும் அந்த வீட்டில் தான் சாப்பிட்ட தட்டை அவன் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவனுக்கென்றே ஒதுக்கியது. அவன் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். அவன் எழுந்தால் வீடே எழுந்துவிடும் என்பதால், அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தாலும் இரண்டு தரம் யோசித்துத்தான் எழுந்திருப்பான்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகள். காலைப் பூசை முடிந்ததும் அவன் மனைவி ஹெலினாவின் அண்ணன் மனுவேலும் தம்பி ஆண்டனியும் தூண்டில் கம்புகளைக் கட்டிக்கொண்டு, தளேகாவ் தாண்டி ஏதோ ஓர் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். மனுவேலுக்குக் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, ஆண்டனிக்குப் பிம்ப்ரியில் மருந்து ஆலையில். ஷிப்டு மாறி மாறி வருவதால் வாரம் முழுக்க ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க முடியாது. சாயங்காலம் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட, சேறும் கவிச்சியுமாகத் திரும்பி வருவார்கள். வாசலில் காலைக் கழுவும்போதே எதையோ நினைத்துச் சிரிப்பார்கள். என்னவென்று ஜெர்சன் கேட்டால், சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறுபடி சிரித்து, கடைசியில் மனுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது அங்க இருந்தாத்தான் மாப்பிள்ளை புரியும்” என்று முடித்துவிடுவான்.

ஜெர்சன் ஒற்றைப் பிள்ளை. பாளையங்கோட்டையில் தனியாகப் பந்தை உதைத்து, தானே ஓடிப்போய் எடுத்து வந்து வளர்ந்தவன். அந்தச் சிரிப்புக்குள் ஒருநாளாவது தானும் இருக்க வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஓர் ஏக்கம். நாற்பத்தொரு வயதுக்காரன் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதுவும் அவனை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

கூட வரட்டுமா என்று அவன் கேட்காமல் இல்லை. கேட்டான். பதில் எப்போதும் ஒன்றுதான். மாப்பிள்ளை நனைந்துவிடுவார். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான முதல் மழைக்காலத்தில், புது மாப்பிள்ளை முறுக்கில், குடை வேண்டாம் என்று சொல்லிக் கட்கி ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்தான். வந்தவன் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். மாமியார் அந்தோணியம்மாள் இடுப்பொடிய மிளகு ரசம் வைத்து ஊற்றினாள். அன்றோடு, ஜெர்சன் கண்ணாடிப் பாத்திரம் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது.

ஆக, தடை மழைதான். மழையை நீக்கிவிட்டால் தடை இல்லை. விமான் நகரில் ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஒரு பிரச்சினையா? ஆயிரம் பேர் உட்காரும் நாற்காலிகளை மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்தவன் அவன். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகுவலி வந்தது வேறு விஷயம்.

மே மாதம் முழுக்க ஜெர்சன் மழைக்கோட்டுப் படிப்புப் படித்தான். வெளிநாட்டு மீன்பிடிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் இணையத்தில் எழுதி வைத்ததையெல்லாம் ஒன்று விடவில்லை. மணிக்கட்டில் இறுக்கிக் கட்டும் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் தூண்டிலைத் தூக்கும்போது தண்ணீர் கை வழியாக அக்குள் வரை ஓடிவிடும் என்று கற்றான். தையல்மேல் உள்பக்கமாகப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். நடக்கும்போது துணி சரசரக்கக் கூடாது, மானுக்குக் கேட்டுவிடும். ஜெர்சன் மானைப் பார்த்தது காத்ரஜ் மிருகக்காட்சி சாலையில் ஒரே ஒரு தடவை. அந்த மான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் சரசரக்காத துணிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தான்.

முதலில் வந்தது காட்டு இலை அச்சுப் போட்ட கோட்டு. போட்டுக் காட்டியதும் ஹெலினா சுற்றி வந்து பார்த்தாள். பட்டாளத்து உடுப்பு மாதிரி இருக்கிற இதைப் போட்டுக்கொண்டு கண்டோன்மென்ட் கேட்டைத் தாண்டினால், காவல்காரன் முதலில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் யாரென்று கேட்பான் என்றாள். நியாயம்தான். திருப்பி அனுப்பினான்.

அடுத்தது ஆரஞ்சு. ஒரு வேட்டைக்காரன் இன்னொரு வேட்டைக்காரனை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த நிறமாம். மச்சான்மார் தன்னைச் சுடும் வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தும், பாதுகாப்புப் பாதுகாப்புதான் என்று எடுத்துக்கொண்டான். ஒரே ஒரு விஷயத்தில்தான் அவனுடைய கொள்முதல் புத்தி வேலை செய்தது. உள்ளே வேர்க்கும் வேர்வையை வெளியே விடும் துணி ஒன்று இருக்கிறது. வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் அதில் பிடிக்காதே என்று படித்த ஆட்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லியிருந்தார்கள். விலையைப் பார்த்தான். வேர்வை நமக்கென்ன புதுசா என்று, அதே நிறத்தில் ரப்பர் பூசிய கெட்டித் துணியில் ஒன்றை வாங்கிவிட்டான்.

ஜூலையில் நல்ல மழை பிடித்த ஒரு ஞாயிறு. கோட்டு, அதே நிறத்தில் கால்சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலைக்கு மூடி என்று ஜெர்சன் போபோடிச் சந்துக்குள் இறங்கினான். ஆற்றங்கரைச் சந்து அது. அணையைத் திறந்தால் முதலில் தண்ணீர் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அப்போதெல்லாம் ஆரஞ்சு உடுப்பில் மீட்புப் படைக்காரர்கள் வந்து ஜனங்களை வெளியேற்றுவார்கள். ஜெர்சன் நாலு வாசல் தாண்டுவதற்குள் சந்து அமைதியாகிவிட்டது. அவன் பின்னால் கதவுகள் திறந்தன. விசாலாக்ஷி என்ற அம்மாள் டிவியைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“தண்ணி தொறந்துட்டாங்களா தம்பி? ஸ்கூலுக்கா போகணும், மேல ரோட்டுக்கா?” என்று கேட்டாள்.

ஜெர்சன் மூடியை விலக்கி, தான் அந்தோணியம்மாள் வீட்டு மருமகன் என்றும், மீன் பிடிக்கப் போவதாகவும் சொன்னான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிவியோடு திரும்பிப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

வீட்டில் நிலைமை சாதகமாக இருந்தது. அந்தோணியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் தோளில் ஊற்றிப் பார்த்தாள். தாமரை இலையில் விழுந்ததுபோல் ஓடிப்போனது. இனி மனுவேலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. “சரி, வாங்க மாப்பிள்ளை” என்றான். மனுவேல் உரச்சாக்கு ஒன்றின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்து, முக்காடு மாதிரி தலையில் கொங்காணி போட்டிருந்தான். ஆண்டனிக்கு ஓர் அரைக்கால் சட்டையும் தலையில் பிளாஸ்டிக் பையும். அவ்வளவுதான் அவர்கள் மழைக்கான ஏற்பாடு. ஜெர்சனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போகும்போது ஒரு பெயிண்ட் வாளியையும் எடுத்துக்கொண்டார்கள். மீன் வீட்டுக்கு உயிரோடு வந்தாக வேண்டும். செத்த மீனைக் கொண்டுவந்தால், கட்கி பஜாரில் வாங்கி வந்தீர்கள் என்று அந்தோணியம்மாள் பிள்ளைகளிடம் சாதித்துவிடுவாள். இந்த வழக்கு வருஷக்கணக்காக நடக்கிறது.

ஏரிக்கரையில் மழை பின்னி எடுத்தது. ஜெர்சன் நினைத்து வந்தது ஒன்று, நடந்தது ஒன்று. அங்கேயும் அவன் மாப்பிள்ளைதான். தட்டையான நல்ல கல்லைத் துடைத்து அவனை உட்கார வைத்தார்கள். மழையில் கல்லைத் துடைத்தார்கள். மைதா உருண்டையை அவன் தூண்டிலில் ஆண்டனி மாட்டிக் கொடுத்தான், அத்தான் கை அழுக்காக வேண்டாமாம். பிறகு அண்ணனும் தம்பியும் இருபதடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறார்கள். ஜெர்சனுக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. தலைமூடிமேல் மழை தகரக் கூரையில் விழுவதுபோல் அடித்தது. மானுக்குக் கேட்காத துணி வாங்கியவன், மனுஷன் பேசுவது கேட்குமா என்று பார்க்காமல் விட்டுவிட்டான். பத்து வருஷம் வீட்டில் உட்கார்ந்து புரியாமல் இருந்தது, இப்போது பக்கத்தில் உட்கார்ந்தும் புரியவில்லை.

அதோடு இன்னொரு ரகசியம் வேறு. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்பது உண்மை. உள்ளேயிருந்தும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. முதுகில் வேர்வை ஆறாக ஓடி, பூட்ஸுக்குள் இறங்கிக் கணுக்கால் வரை நின்றது. விரல்களை அசைத்தால் சளக் என்றது. மனுவேல் அங்கிருந்தே, நனையவில்லையே என்று சைகையில் கேட்டான். துளிகூட இல்லை என்று ஜெர்சன் கட்டைவிரலை உயர்த்தினான். ஆண்டனி கிட்டே வந்து, அத்தான் கழுத்திலிருந்து புகை வருகிறதே என்றான். இந்த மாடலில் அப்படித்தான் வரும் என்றான் ஜெர்சன். உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிறும் மின்விசிறிக்குக் கீழேதான்.

அப்போதுதான் அவன் கையிலிருந்த கம்பு வில்லாக வளைந்தது.

ஜெர்சன் எழுந்தான். மீன் அந்தப் பக்கம் இழுக்க, இவன் இந்தப் பக்கம் இழுக்க, தண்ணீர் நிறைந்த பூட்ஸ் சேற்றில் வழுக்கியது. விழாமலிருக்கக் காலை வீசியவன் பெயிண்ட் வாளியை உதைத்தான். அது உருண்டு ஏரிக்குள் போய், நிதானமாக மூழ்கியது. கல்லில் பாதி உடம்பு சாய்ந்து கிடந்தபடி அவன் நூலை வெறித்தனமாகச் சுற்றினான். இருபதடியை மனுவேல் மூன்றே எட்டில் தாண்டி வந்தான்.

“ஏலே, இழுக்காதல! நூல விடு, நூல விடுல கூறுகெட்ட மூதி” என்று அவன் போட்ட சத்தம் தலைமூடியைத் தாண்டித் தெளிவாகக் காதில் விழுந்தது.

ஜெர்சன் நூலை விட்டான். அதைவிட, அவனுக்குள்ளே என்னவோ விட்டுப்போனது. பத்து வருஷத்தில் அந்த வீட்டு ஆள் ஒருத்தன் அவனை முதல்முறையாகத் திட்டுகிறான். விடு என்றபோது விட்டான், இழு என்றபோது இழுத்தான், நடுவில் இன்னும் இரண்டு வசவு வாங்கிக்கொண்டான். மூன்று பேருமாகச் சேற்றில் புரண்டு கரையில் போட்டபோது, அது ஆண்டனியின் கை நீளத்துக்கு ஒரு கட்லா.

போட்டுக்கொண்டு போக வாளி இல்லை. மனுவேல் தலையிலிருந்த சாக்கை உதறிப் பார்த்தான், அடியில் ஓட்டை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. இத்தனை பெரிய மீனைச் செத்த பிறகு கொண்டுபோனால் அம்மா நம்பவே மாட்டாளே என்று ஆண்டனி அழாத குறையாகச் சொன்னான். ஜெர்சன் குனிந்து தன் கோட்டைப் பார்த்தான். சொட்டு உள்ளே வராது, சொட்டு வெளியே போகாது. ஜிப்பைக் கீழே இழுத்தான்.

ஆவி குப்பென்று வெளியே வந்தது. சட்டை உடம்போடு ஒட்டி, பிழிந்தால் ஒரு குடம் நிறையும் போலிருந்தது. மழையில் நின்ற அண்ணன் தம்பி இரண்டு பேரையும்விட அதிகமாக நனைந்திருந்தவன் கோட்டுக்குள் இருந்த ஜெர்சன்தான். இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஒரு பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டியது. இதோடு எல்லாம் போச்சு என்று தோன்றியது அவனுக்கு.

“நனைஞ்சுட்டேன் மச்சான்” என்றான். “இங்க வந்து உக்காந்ததுலேர்ந்தே நனைஞ்சுதான் இருந்தேன். முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு. இதுல மீனைப் போடுங்க.”

முதலில் ஆண்டனிதான் உடைந்தான். மனுவேல் சேற்றிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். புகை வரும் மாடல் என்று ஆண்டனி சொல்ல, மறுபடி முதலிலிருந்து. ஜெர்சனும் சிரித்தான். வெறும் சிரிப்புத்தான் என்று நினைத்திருந்தான். கண்ணிலிருந்து வேறென்னவோவும் வந்தது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

கோட்டின் கைகளையும் கீழ் ஓரத்தையும் முடிச்சுப் போட்டு, தலைமூடியின் கயிற்றை இறுக்கி, ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றி, மீனை உள்ளே விட்டு ஜிப்பை ஏற்றினார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மனுவேலின் ஸ்கூட்டர் பின்னால் ஜெர்சன் அதைப் பிள்ளைபோல மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்து வந்தான். தேஹு ரோடு தாண்டும் வரை மீன் அவன் வயிற்றில் உதைத்துக்கொண்டே வந்தது.

வீட்டில் கட்லா பாத்திரத்தில் விழுந்து ஒரு துள்ளுத் துள்ளியது. வழக்கில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். ஆனால் அந்தோணியம்மாளின் கண் மீன்மேல் இல்லை, சொட்டச் சொட்ட நிற்கும் மருமகன்மேல். மாப்பிள்ளையை இப்படியா கூட்டிவருவது என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என்னதான் நடந்தது என்று ஹெலினா கேட்டாள். ஜெர்சன் சொல்ல ஆரம்பித்தான், பாதியில் ஆண்டனியைப் பார்த்தான், முடியவில்லை.

“அது அங்க இருந்தாத்தான் புரியும்” என்றான்.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. வராமல் இருக்குமா? போர்வைக்குள் முடங்கிக்கிடந்தவனுக்கு ஒரே கவலைதான். போபோடிக்குச் செய்தி போனால் மறுபடி கண்ணாடிப் பாத்திரம். யாரிடமும் சொல்லாதே என்று ஹெலினாவிடம் கெஞ்சி வைத்திருந்தான். சாயங்காலம் மனுவேலிடமிருந்து போன் வந்தது. ஜெர்சன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆரோக்கியமான குரலில் ஹலோ சொன்னான்.

“ஏலே, காய்ச்சலா?” என்றான் மனுவேல்.

“இல்லையே மச்சான்.”

“பொய் சொல்லாத. இங்க ஆண்டனியும் படுத்துதான் கெடக்கான், எல்லா வருசமும் முதல் பெருமழைக்கு அவன் படுப்பான். கஷாயத்தக் குடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வந்துரு. அந்த ஆரஞ்சுப் பைய மறக்காமக் கொண்டா, வாளி போச்சு. உனக்குத் தலைக்கு ஒரு சாக்கு எடுத்து வச்சிருக்கேன்.”

ஜெர்சனுக்கு நெற்றி கொதித்தது, உடம்பு நடுங்கியது, இவ்வளவு நன்றாக அவன் இருந்ததே இல்லை. ஆனாலும் கொள்முதல் புத்தி சும்மா இருக்குமா.

“மச்சான், அந்தச் சாக்கு தையலெல்லாம் நல்லா இருக்குமா?” என்று கேட்டான்.

“போனை வைல” என்றான் மனுவேல்.