எட்டு பத்திலிருந்து நான்கு நிமிடம்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்து, குளித்து, ஓர் ஆளுக்கு மட்டும் டீ போட்டுக் குடித்தான். கடிகாரம் பழுது பார்ப்பவனுக்கு நகம் வளரக் கூடாது, வெட்டினான். எட்டு பத்துக்கு, அவன் கை பட்ட கடிகாரங்கள் எல்லாம், எந்த ஊரில் யார் மணிக்கட்டில் இருந்தாலும், நின்றன. எட்டு பதினான்குக்கு முள் நான்கு நிமிடத்தை ஒரே தாவலில் தாண்டி, சரியான நேரத்துக்கு வந்து ஓடியது. அவன் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

விலை உயர்ந்த கடிகாரங்களைப் பராமரிக்கும் நிலையம் அது. நூற்று முப்பது பாகங்களைக் கழற்றி, கழுவி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு வைத்து, மறுபடி பூட்டுவான். முதல் புகார் ஒரு வக்கீலிடமிருந்து வந்தது. "என்னப்பா, உன் கடிகாரம் தினமும் கரெக்டா டீ குடிக்கப் போயிட்டு வருது?" மூன்று முறை பிரித்துப் பார்த்தும் குறை அகப்படவில்லை. "கோளாறு வாட்ச்ல இல்லப்பா, உங்கிட்டதான்," என்றார் மேலாளர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவனால் தலை நிமிர முடியவில்லை. அடுத்த வருடம் உத்தரவாத அட்டையிலேயே ஒரு வரி அச்சடித்தார்கள்: காலை 8.10 முதல் நான்கு நிமிடம் நிற்கும், இது பழுதல்ல. வாடிக்கையாளர்களுக்குப் பழகிப்போயிற்று. வக்கீல் அந்த நான்கு நிமிடமும் மனைவியோடு சண்டை போடுவதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

காரணம் அவனுக்குத் தெரியும். அவசர வேலையை வீட்டுக்கு எடுத்துவருவான். அதற்காக வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தான். கண்ணில் உருப்பெருக்கி லென்ஸ் இருக்கும்போது யாரும் பேசக் கூடாது, அறைக்குள் வரவும் கூடாது. பேச்சுக் காற்றுக்கே கடிகாரத்துக்குள் துடிக்கும் மயிரிழைச் சுருள்வில் கோணிப்போகும். "அந்த லென்ஸ்தான் மூத்தவ, நான் ரெண்டாந்தாரம்," என்று மனைவி கேலி செய்வாள். ஆனாலும் சட்டத்தை மீறியதில்லை. ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டிய கடிகாரம் கையில் இருந்தது. எட்டு பத்துக்கு அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கடைக்கண்ணில் அவள் கால் தெரிந்தது. ஒரு கை நெஞ்சில் இருந்ததும் தெரிந்தது. அவன் நிமிராமல் இடது கை விரலைத் தூக்கினான்: இரு. நான்கு நிமிடம் இருந்தாள். பிறகு மெல்ல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். பொருந்திய சுருள் துடிப்பதை அவன் ரசித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் சத்தம் கேட்டு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டார். "அம்மாவ பாத்துக்குங்கன்னு சொன்னா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாமியார் அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். "போற நேரத்துலயும் எம் பொண்ணுக்கு என் நெனப்புதான்." பக்கத்தில் நின்று தலையாட்டுவது ஆறு வருடமாக அவன் வேலை.

ஆறாவது வருடம் மாமியார் மகளின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து, துடைத்துத் தரச் சொன்னார். இரண்டு முறை சாக்குச் சொன்னான். மூன்றாம் முறை சொல்ல முடியவில்லை. துடைத்துக் கொடுத்த மறுவாரம், காலை எட்டு மணிக்கே அவன் வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். எட்டு பத்துக்கு அவர் கையிலிருந்த அந்தக் கடிகாரத்தின் முள் நின்றது.

"உங்க வாட்செல்லாம் நிக்கும்னு கேள்விப்பட்டேன். அன்னிக்கு இந்த நேரத்துக்கு அவ எங்க இருந்தா, மாப்பிள்ளை?"

"இந்த வாசல்லதான் நின்னா, அத்தை."

"நீங்க?"

அவன் இடது கை விரலைத் தூக்கிக் காட்டினான்.

மாமியார் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப் பாத்துக்கச் சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப நெசமா என்னதான் சொன்னா?"

முள் தாவி எட்டு பதினான்குக்கு வந்தது. மறுநாளும் அப்படித்தான் வந்தது, இன்றுவரை அப்படித்தான் வருகிறது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"'ஒண்ணுமில்ல, நீங்க வேலையப் பாருங்க'ன்னா."