ஏழு கிலோ தொள்ளாயிரம்

நிறுக்காம ஒரு சாமானையும் நான் எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். இது திமிருன்னு எங்க வீட்டுக்காரரு வீரய்யா சொல்லுவாரு. திமிருதான், இல்லங்கல. பதினாலு வருசம் டயகம எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து எடுத்தவ நான். அந்தத் திமிரு இல்லாட்டி மத்தியானச் சோத்துக்கு முந்தியே ரெண்டு கிலோ காணாமப் போயிருக்கும்.

கொழுந்து நிறுக்குற எடத்த நீங்க பாத்துருக்கணும். ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க, சாக்குக்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க. நம்ம அந்தப் பக்கம் திரும்பி எவகிட்டயாச்சும் வாயக் குடுத்தோமோ, போச்சு. அதனால நான் தராசுல மூக்கு ஒட்டுற மாதிரி நிப்பேன். நம்பரு நின்னதும் சத்தமா சொல்லுவேன்: "பதினெட்டு!" துண்டுச் சீட்டுல அதே பதினெட்ட எழுதுற வரைக்கும் எடத்த விட்டு நகர மாட்டேன். நாகலெட்சுமி சாக்கோட வர்றான்னாலே கணக்கப்புள்ளைக்கு மூஞ்சி சுருங்கிரும்.

அதுக்கப்புறம் ஒம்பது வருசம் குவைத்துல வீட்டு வேல. நான் இருந்த கட்டடத்துலயே ரெண்டு மாடி மேல காளியாயி இருந்தா. நல்லதண்ணி ஊர்க்காரி, அவளும் கொழுந்து எடுத்தவதான். புருசன் செத்து, ஒரே மக பிரியந்திய நாத்தனா ராக்காயிகிட்ட விட்டுட்டு வந்தவ. குப்ப கொட்டுற சாக்குல படிக்கட்டுல நின்னு பேசிக்குவோம். ஊர்ல யாரு செத்தா, யாருக்குக் கல்யாணம், எல்லாம் அந்தப் படிக்கட்டுலதான்.

போன தை மாசம் நான் ஒரேயடியா ஊருக்குக் கெளம்பினேன். அதே மாசக் கடைசியில பிரியந்திக்குக் கல்யாணம். காளியாயிக்கு மட்டும் லீவு கெடைக்கல. அவ மேடம் பாஸ்போட்ட அலுமாரியில வச்சுப் பூட்டிட்டா. காளியாயி ஒரு சின்னப் பொட்டிய என் கையில வச்சா. உள்ள மூணு பவுனு சங்கிலி, அஞ்சு வருச உழைப்பு.

"லெச்சுமி, இத நீ கழுத்துல போட்டுக்கிட்டுப் போயிராத. பொண்ணுக்குன்னு செஞ்ச புது நகை. ஏ மக கழுத்துதான் மொத கழுத்தா இருக்கணும்."

"எனக்கே ஒரு சங்கிலி கெடக்கு, ஒன்னோடது எதுக்குடி எனக்கு?"ன்னேன். ஆனா அவ சொன்னது சரிதான், எங்க பக்கம் அப்படித்தான். பொட்டியப் பிளாஸ்டிக்குல சுத்தி, ஒரு பேரீச்சம்பழ டின்னுக்கு அடியில வச்சு, மேல ஒரு கிலோ பழத்த அமுக்கி மூடுனேன். டின்னு கைப்பையில. கைப்பை என் தோளுல. என்னைத் தாண்டி எவன் தொடுவான்?

ஒருத்தி தொட்டா. பிளேனுக்கு ஏறுற வாசல்ல நின்ன கம்பனிப் பொண்ணு பையத் தராசுல வைன்னுச்சு. வச்சேன். ஏழு கிலோ தொள்ளாயிரம். ஏழுக்கு மேல உள்ள கொண்டு போக முடியாது, பையக் கீழ பெட்டிகளோட போடணும், நடுவுல பிளேன் மாறுற ஊர்லயும் நீ தூக்க வேணாம், நேரா கட்டுநாயக்க ஏர்போட்டுல எடுத்துக்கன்னுச்சு. நான் சண்ட புடிச்சேன். பின்னால ஜனம் கத்துது. கடைசியில நான் சொன்னேன், "சரி, வாங்கிக்க. ஆனா எத்தனன்னு எழுதிக் குடு." அந்தப் பொண்ணு மொறைச்சுச்சு. நான் அசையல. வேற வழியில்லாம துண்டுல 7.9னு எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்துச்சு. ஜெயிச்சிட்டோம்ல, அந்த மெதப்புல சேலைய ஒதறிக்கிட்டு நடந்து போயி சீட்டுல உக்காந்தேன்.

பெல்ட்ட மாட்டுறப்பதான் நெஞ்சுல சுருக்குன்னுச்சு. அடிப்பாவி! எடையப் புடிச்சவ டின்ன விட்டுட்டேனே! ஒரு நிமிசம் ஜிப்பத் தொறந்து அந்த டின்ன எடுத்துருந்தா பாரமும் கொறஞ்சிருக்கும், பையும் கையில இருந்துருக்கும். சண்ட போடுற ஆவேசத்துல புத்தி அந்தப் பக்கமே போகல. என் வாழ்க்கையிலேயே நான் பண்ணுன பெரிய முட்டாத்தனம் அதுதான், இப்ப நெனச்சாலும் என்னை நானே அறையணும் போல இருக்கு.

கட்டுநாயக்கவுல பெட்டிக எல்லாம் சுத்திச் சுத்தி வந்துச்சு. என் பை வரல. பெல்ட்டு நின்னுருச்சு. கம்பனிக் கவுண்டருல இருந்த தொரை சிங்களத்துல கேட்டாரு, "நகையப் போயி யாராவது கீழ போடுவாங்களா?" நானும் சிங்களத்துலயே சொன்னேன், "நான் போடல மாத்தயா. ஒங்க ஆளு என் தோளுலருந்து கழட்டுச்சு." பை காணலன்னு ஒரு பாரத்த நெரப்பிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒம்பது வருசத்துக்கப்புறம் எங்க லயத்து வீட்டுக்கு வர்றேன், எல்லாரும் கூடி நிக்கிறாங்க, எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் கண்ணுல ஏறல. என் சாமானு போயிருந்தா ரெண்டு நாளு திட்டிட்டு விட்டுருப்பேன். இது அடுத்தவ நம்பிக் குடுத்தது. ஊருக்குப் போறவ கையில நகையக் குடுத்து விடுறதுதான் எங்க பொம்பளைக வழக்கம். ரசீது கெடையாது, சாட்சி கெடையாது. குடுத்தவ நம்புறா, வாங்குனவ சேக்குறா. ஒருத்தி சேக்கலன்னா, தின்னுட்டான்னுதான் பேரு. அந்தப் பேரோட டயகமவுல என்னால தல நிமிந்து நடக்க முடியாது.

ஆறு நாளு கழிச்சுப் போன் வந்துச்சு. பை கெடச்சிருச்சாம், பிளேன் மாறுற ஊர்ல தங்கிருச்சாம், வந்து எடுத்துக்கன்னாங்க. கல்யாணத்துக்கு இன்னும் மூணே நாளு. எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு ஹட்டனுக்கு வந்து, கொழும்பு பஸ்ஸப் புடிச்சுப் போயிச் சேந்தேன்.

அதே தொரை. பையத் தள்ளிட்டு ஒரு தாளையும் தள்ளுனாரு. "கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போ."

"மொதல்ல நிறுங்க"ன்னேன்.

"எதுக்கு?"

"நிறுத்துக் குடுத்தேன். நிறுத்துத்தான் வாங்குவேன்."

எங்க வீட்டுக்காரரு பின்னால நின்னு சேலையப் புடிச்சு இழுக்குறாரு. "லெச்சுமி, பை வந்துருச்சுல்ல. போட்டுட்டு வா, பெரிய எடம்." பாவம், அவரு காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல தோட்டத் தொரைக்கு முன்னால நின்னே பழகுன மனுசன். "சும்மா இருங்க"ன்னுட்டு பைய நானே தூக்கித் தராசுல வச்சேன்.

ஆறு கிலோ அறுநூறு.

சத்தமாவே சொன்னேன். வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. தொரை, தராசுக்குத் தராசு கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்னாரு. அப்படியா சேதி! வத்தளையில இருக்குற நாத்தனாவுக்குன்னு கொண்டு போன அரைக் கிலோ தேயிலைப் பாக்கெட்ட எடுத்து வச்சேன். அரைக் கிலோ காட்டுச்சு. "ஒங்க தராசு நல்ல தராசுதான் மாத்தயா. சந்தேகம்னா எங்க வீட்டுக்காரர ஏத்தவா?"ன்னேன். வரிசையில யாரோ சிரிச்சாங்க. பையத் தொறந்தா எல்லாம் இருக்கு, டின்னு மட்டும் இல்ல.

அந்த 7.9 துண்டக் கண்ணாடி மேல வச்சேன், அவங்க ஆளோட கையெழுத்தோட. தொரை அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் நாற்காலியக் காட்டி, "ஒக்காருங்க அக்கே"ன்னாரு. பை சரியா வந்துச்சுங்குற தாளக் கிழிச்சிட்டு, ஒரு கிலோ முந்நூறு கொறையுதுன்னு வேற தாளு எழுதினாரு. அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனா தேடிப் பாக்க மூணு கெழம ஆகும்னாரு. கல்யாணம் மூணு நாளுல.

வெளிய வந்து காளியாயிக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன், டின்ன எடுக்க மறந்த என் புத்தியையும் சேத்து. காளியாயி கேட்டா:

"எழுதி வாங்குனியாடி?"

"வாங்குனேன்."

"அப்பக் கெடைக்கும்." அதச் சொல்லிட்டு அழுதா. "ஆனா ஏ மக வெறுங்கழுத்தோட மணவறையில நிக்குமேடி. அம்மாவும் இல்ல, அம்மா குடுத்ததும் இல்ல."

"நிக்காது"ன்னேன். "நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாளு ஹட்டன்ல நஜீம் நானா நகைக்கடையில என் சங்கிலியக் கழட்டித் தராசுல வச்சேன். ஒம்பது வருசமா குளிக்கிறப்பக் கூடக் கழட்டாதது. இருபத்தி ஆறு தசம் மூணு கிராம். துண்டுல எழுதி வாங்கிக்கிட்டு நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுனேன். சிவனொளிபாத மலைக்குப் போற சனத்தோட நெருக்கியடிச்சு நின்னுக்கிட்டேதான் போனேன்.

ராக்காயி வாசல்லயே புடிச்சுக்கிட்டா. "பிளேன்ல தொலஞ்சிருச்சாம்ல? நல்லாத்தான் தொலையுது, டின்னு மட்டும்!" அவளச் சொல்லிக் குத்தமில்ல. அவ எடத்துல நான் இருந்தா இன்னும் பத்துக் கேள்வி கேட்டுருப்பேன். அந்தப் பேச்சு எரிச்சுச்சு, ஆனா நான் சண்டைக்கு நிக்கல. பிரியந்தியக் கூப்புட்டு, கூடியிருந்த அம்புட்டுப் பேரு முன்னாலயும் சங்கிலிய அவ கழுத்துல போட்டேன். நஜீம் நானா எழுதுன துண்ட அவ கையில வச்சேன்.

"இது என்னோடது. ஒங்கம்மாளோடது வரும். வர்ற அன்னிக்கு இதே எடைக்கு இத நான் திரும்ப வாங்கிக்குவேன். ராக்காயி, நீ சாட்சி."

பிரியந்தி என் காலுல விழுந்துச்சு. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. காளியாயி அதப் பாக்கல. அன்னிக்குன்னு பாத்து மேடம் வீட்ல விருந்து, போனப் புடுங்கி வச்சிட்டாளாம். அப்புறம் போன் கையில வந்தும் ஒளிஞ்சு நின்னு ரெண்டு வார்த்த பேசத்தான் முடிஞ்சுச்சாம்.

இருபத்தி மூணாவது நாளு தொரையே போன் பண்ணினாரு. சிரிப்ப அடக்கிக்கிட்டுப் பேசுறது எனக்கே கேட்டுச்சு. பிளேன் மாறுற ஊர்ல பை உள்ள போறப்ப மிசினு ஏழு கிலோ தொள்ளாயிரம்னு பதிஞ்சிருக்கு. வெளிய வர்றப்ப ஆறு கிலோ அறுநூறு. நடுவுல ஒரே ரூம்பு, ஒரே செட்டு ஆளுங்க. போயித் தேடுனா, ஆளுங்க தேத்தண்ணி குடிக்கிற எடத்து ராக்கைப் பலகையில டின்னு குந்தியிருக்கு! எவனோ பழத்துக்கு ஆசப்பட்டுத் தூக்கியிருக்கான். வந்தவன் போனவன் எல்லாம் தேத்தண்ணிக்கு ரெண்டு ரெண்டா தின்னுருக்கானுக. பாதி டின்னு காலி. மிச்சப் பழத்துக்குக் கீழ பொட்டி, நான் சுத்துன பிளாஸ்டிக்கு பிரியாம அப்படியே இருந்துச்சாம்.

நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து லயத்துக்காரங்க வந்துட்டாங்க. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்துச்சு. வீரய்யா, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு. என்னத்தச் சொன்னாரு?

கட்டுநாயக்கவுல தொரைக்கு முன்னாலயே பிளாஸ்டிக்கப் பிரிச்சுப் பாத்து வாங்கிக்கிட்டு, நேரா நஜீம் நானா கடைக்குப் போனேன். பிரியந்தியையும் ராக்காயியையும் அங்கயே வரச் சொல்லியிருந்தேன். காளியாயி அனுப்புன கடை பில்லு போன்ல இருந்துச்சு, இருபத்தி நாலு தசம் ஒண்ணு. காளியாயியையும் வீடியோவுல கூப்புட்டேன். குவைத்துல அதே படிக்கட்டுல குப்பப் பையோட ஒக்காந்துருந்தா. "மேடம் தேடுறதுக்குள்ள சொல்லு லெச்சுமி"ன்னா.

என் சங்கிலியக் கேட்டேன். பிரியந்தி கழட்டுச்சு, ஆனா என் கையில குடுக்கல. "சித்தி, கொஞ்சம் நில்லுங்க. நிறுத்துத்தான் குடுப்பேன்." அடி என் தங்கமே! தராசுல வச்சு, நம்பரு நின்னதும் என்னை மாதிரியே சத்தமாச் சொல்லுச்சு: "இருபத்தி ஆறு தசம் மூணு!" நஜீம் நானா தலையில கைய வச்சுக்கிட்டாரு. "ஒண்ணையே தாங்க முடியல, இன்னொண்ணா?"ன்னாரு. ராக்காயி கூடச் சிரிச்சிட்டா.

அடுத்து காளியாயி சங்கிலி. நானே தராசுல வச்சேன். இருபத்தி நாலு தசம் ஒண்ணு. ஒரு பொட்டுக் கொறையல. எனக்கு நெஞ்சு நிமிந்துருச்சு. போனத் தராசுக்கிட்டக் கொண்டு போயி நம்பரக் காட்டுனேன்.

"பாத்துக்க காளியாயி! நீ குடுத்தது குடுத்தபடி. ஒருத்தி கழுத்துலயும் ஏறல. நல்லாப் பாரு, அப்புறம் சொல்லாத!"

காளியாயி நம்பரப் பாக்காம அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தா. கண்ணு தெரியலையோன்னு போன இன்னும் கிட்டக் கொண்டு போனேன்.

"லெச்சுமி"ன்னா. "தராச எடுடி. ஏ மகளக் காட்டு."

எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. தாலி கட்டுன மகள அவ இன்னும் பாக்கல.

போனப் பிரியந்தி பக்கம் திருப்பினேன். ராக்காயி அந்தப் புதுச் சங்கிலிய எடுத்து அவ கழுத்துல போட்டா. காளியாயி பாத்துக்கிட்டே இருந்தா, பிரியந்தி பாத்துக்கிட்டே இருந்துச்சு. மேடம் கூப்புடுற சத்தம் கேட்டுச்சு. காளியாயி எந்திரிக்கல.