புதன் நான்கு மணி விதி

முப்பத்தொரு துறைகளும் "முழுமையாகப் படித்து ஒப்புக்கொள்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. படித்தார்களாம்! ஒரே ஒருத்தர் படித்திருந்தாலும் ஏழாம் பகுதியின் பதினான்காம் விதியில் தடுக்கி விழுந்திருப்பார்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒரு இணையதளம். ஒன்றில் மஞ்சள் எழுத்து, ஒன்றில் ஓடுகிற எழுத்து, வேதியியல் துறையின் பக்கத்தைத் திறந்தால் பாட்டே பாடும். அத்தனையையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்து, தலைப்பு எப்படி இருக்க வேண்டும், படத்துக்கு விளக்கம் எப்படி எழுத வேண்டும் என்று பொது விதிகள் வகுப்பது என் வேலை. குழு என்று பத்துப் பேர் உண்டு. கூட்டத்துக்கு வருவார்கள், பிஸ்கட் தின்பார்கள், தலையாட்டுவார்கள். எழுதியது நான் ஒருத்திதான். மூன்று வருடம், அறுபத்திரண்டு பக்கம். அதற்குக் கிடைத்த பரிசு 'சட்டாம்பிள்ளை' என்ற பட்டப்பெயர்.

என் அறை நூலகத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், உடைந்த பிரிண்டர்களைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில். வழி தவறியவர்கள்தான் கதவைத் தட்டுவார்கள். வீட்டிலும் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள்.

"அக்கா, வாரம் பூரா யார்கிட்டயாவது பேசறியா நீ?"

"பேசறேனே, கம்ப்யூட்டரோட."

"அது பதில் சொல்லுமா?"

"உன் வீட்டுக்காரர் சொல்றதைவிட நல்லாவே சொல்லும்."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். போனை வைத்த பிறகு திங்கட்கிழமை காலை வரை என் குரல் எனக்கே கேட்காது.

அந்தப் பதினான்காம் விதியை ஒரு சாயங்காலம் எரிச்சலில் சேர்த்தேன். "இதுவரை படித்தவர், புதன்கிழமை நான்கு மணிக்கு 214ஆம் எண் அறைக்கு வந்து, எழுதியவருடன் ஒரு டீ குடிக்க வேண்டும்." யாராவது கண்டுபிடித்துத் திட்டுவார்கள், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ஈ காக்கைகூடத் திட்டவில்லை. துணைவேந்தரின் கையெழுத்தோடு அது விதியாகவே ஆகிவிட்டது.

அப்போதாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் பொய் சொல்ல வேண்டும்? எனக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒருத்தர் போதும். அறுபத்திரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "இந்த இடம் தப்பு" என்று சண்டைக்கு வந்தாலும் போதும். முதல் புதன்கிழமை ஃபிளாஸ்கில் டீயும் இரண்டு கப்புமாக உட்கார்ந்தேன். நான்கு ஆயிற்று, நாலரை ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. இரண்டு பேர் டீயையும் நானே குடித்துவிட்டுக் கப்புகளைக் கழுவி வைத்தேன். அப்படி முப்பத்தாறு புதன்கிழமைகள்.

நடுவில் புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்தது. கணிதத் துறைத் தலைவர் போனில் பாய்ந்தார்.

"எங்க பக்கத்துல ஒரு படம்கூட வரலையேம்மா?"

"படத்துக்கு விளக்கம் எழுதலன்னா வராது சார். பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கு."

"அதையெல்லாம் யாரும்மா உட்கார்ந்து படிப்பாங்க?"

"நீங்க படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

போனை வைத்துவிட்டார். மூன்று வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர் என்று எனக்கு அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

முப்பத்தேழாவது புதன்கிழமை, சரியாக நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், கையில் வெள்ளைக் கோலோடு ஒருவர்.

"பதினாலாவது விதி இந்த ரூம்தானே?" என்றார்.

கையைப் பிடித்து நாற்காலியைக் காட்டி, டீயை ஊற்றிக் கொடுத்தேன். பாதி சாஸரில் ஊற்றினேன் என்று நினைக்கிறேன்.

வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளராம். கண் தெரியாது. கணினி உரக்கப் படிக்க, அதைக் காதால் கேட்டுக்கொள்வாராம்.

"இங்க வர்ற சுற்றறிக்கை எல்லாத்தையும் படம் புடிச்சு அனுப்பிடுவாங்க மேடம். என் மெஷின் 'படம், படம்'னு சொல்லிட்டு நின்னுடும். உங்களோடதுதான் முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் தலைப்பு தலைப்பா ஓடுச்சு. ஒரே மூச்சுல கேட்டு முடிச்சேன். ஆனா நாற்பதாம் பக்கத்துல உங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு."

"என்ன சண்டை?" சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன்.

அட்டவணைகளைப் பற்றிய விதியில் ஓட்டை இருக்கிறது என்றார். இல்லவே இல்லை என்று மல்லுக்கு நின்றேன். அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. தோற்றுப்போய் இவ்வளவு நிம்மதி எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

"இவ்வளவு நாள் ஏன் சார் வரல?"

"புதன் நாலு மணிக்கு எனக்கு வகுப்பாச்சே. இதே கட்டடம்தான், உங்களுக்கு நேர் கீழ் மாடி. வியாழன் ஆகுமான்னு நாலு தடவை எழுதினேன். பதிலே இல்ல. சரி, மேடத்துக்கு ஏதோ கோபம் போலன்னு விட்டுட்டேன்."

"எங்க எழுதினீங்க?"

"பொது முகவரிக்குத்தான். தனி ஆளோட மெயில் எந்தப் பக்கத்துலயும் இருக்கக் கூடாது, எல்லாக் கடிதமும் பொது முகவரிக்கே வரணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

நான்தான் எழுதினேன். அந்தப் பெட்டியைக் குழு முறைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியதும் நான்தான். பிஸ்கட் தின்ற குழு! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறேன். அந்தப் பெட்டியைத் திறந்தேன். திறக்கப்படாத கடிதங்கள் அறுநூறுக்கு மேல். தேடினேன். அவருடையவை நான்கும் இருந்தன. முதல் கடிதம், விதி வந்த இரண்டாம் வாரமே எழுதியது. நான்காவது இப்படி இருந்தது: "தொந்தரவுக்கு மன்னிக்கவும். இனி எழுத மாட்டேன். விதிகள் மிக நன்றாக இருக்கின்றன. யாராவது இதை உங்களிடம் சொல்லியிருப்பார்கள்."

"என்ன மேடம், சத்தத்தையே காணோம்?"

"மெஷின் மெதுவா ஓடுது சார்," என்றேன். மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்.

"இன்னிக்கு மட்டும் எப்படி வர முடிஞ்சது?"

"வகுப்பு முடிஞ்சுடுச்சு. வேலையும்தான். ஒப்பந்தம் இந்த வெள்ளியோட சரி. சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குக் கிளம்பறேன், ரெண்டு ரயில் மாறிப் போகணும். விதியை மீறிட்டுப் போனேங்கிற பேரு எதுக்குன்னுதான் வந்தேன்."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. முப்பத்தாறு வாரம் நான் இங்கே இரண்டு கப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் என் காலுக்குக் கீழே நின்று பாடம் நடத்தியிருக்கிறார். ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தால் போதும். அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்திருந்தால் போதும்.

டீ முடிந்தது. அவர் கோலைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவருகில் நின்றார்.

"நாளைக்கு வியாழன்தானே மேடம்?"

"ஆமா சார்."

"வரட்டுமா?"

"வாங்க," என்றேன். "நாலு மணி வரைக்கும் எதுக்கு? காலையிலேயே வந்துடுங்க."