பத்து நாள் பழக்கம்

குளத்துக்கு மேற்கே புதிதாக நட்டிருந்த காற்றாலையின் விசிறி நின்றால் தண்ணீரில் இறங்கலாம், சுற்ற ஆரம்பித்தால் கரையேறிவிட வேண்டும். இசக்கியப்பனும் அவன் கூட்டாளி நூகும் போன வருஷம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் இப்படித்தான் மீன் பிடித்தார்கள். ராதாபுரம் பக்கத்து மேல்காற்றை நம்பி வேறு எப்படியும் இறங்க முடியாது.

ஆளுக்கு ஒரு லாரி டியூப். நடுவில் நைலான் கயிற்றால் பின்னிய இருக்கை, இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள். நூகு சவூதியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் துடுப்புகளைக் காலில் மாட்டிக்கொண்டு அடிப்பார்கள். அடித்தால் டியூப் முதுகுப் பக்கமாகத்தான் நகரும். போகிற இடம் தெரியாது, விட்டு வந்த இடம்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இசக்கியப்பன் பெண்டாட்டி கோமு இந்தத் தொழிலைத் திட்டுவதற்கு இது ஒன்றே போதுமாயிருந்தது.

இந்தச் சித்திரையில் இசக்கியப்பனுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆள் பாதியாகிவிட்டான். "கிணத்துல பத்து நாளு காலடிச்சுப் பழகும். மூச்சு வாங்காம அரை மணி நேரம் அடிச்சீருன்னா சேந்து இறங்குவோம்" என்று நூகு கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். இசக்கியப்பன் இரண்டு நாள் போனான். மீதி எட்டு நாளும் பம்புசெட் மேடையில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

இந்த ஆனியில் முதல் தடவை இறங்கிய அன்று காலை விசிறி நின்றது. இருவரும் டியூப்களை நாலு முழக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு கிழக்கே போனார்கள். அங்கே தண்ணீருக்குள் பாதி மூழ்கிய உடைமரக் காடு. மீன் அதன் நிழலில்தான் அடையும். டியூபில் முள் படாத தூரத்தில் வலையை விட்டார்கள். கொஞ்ச நேரத்திலேயே வலை கனத்தது. அந்தச் சந்தோஷத்தில் மேற்கே திரும்பிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் பிடரி குளிர்ந்தது. திரும்பினால், விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உள்ளதச் சொல்லும் வே," என்றான் நூகு. "உமக்குக் காலு தாங்கும்னா வலையையும் இழுத்துக்கிட்டு நேரா மேகரைக்குப் போயிருவோம். தாங்காதுன்னா வலைய விட்டுட்டு இப்பமே வடகரைக்குச் சாஞ்சிருவோம். காத்து கூடிட்டுன்னா அந்த வழியும் கிடையாது. பத்து நாளும் பழகினீரா?"

உண்மை இசக்கியப்பனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வலையில் கெண்டை துள்ளியது. சீக்காளி என்று நூகு தன்னை ஒதுக்கிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான் என்று பயந்தான்.

"பழகினேன் வே. அடியும்."

அடித்தார்கள். முகம் உடைமரங்களைப் பார்த்திருந்தது. மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தன. அப்புறம் சிறுப்பது நின்றது. அப்புறம் பெரிதாக ஆரம்பித்தன. இசக்கியப்பனுக்குத் தொடை இறுகி, மூச்சு தொண்டையிலேயே நின்றது. கால் தானாகத் தொங்கிவிட்டது. கயிறு விறைத்தது. நூகு இரண்டு பேருக்குமாக அடித்துக்கொண்டிருந்தான்.

"கயிறு கனக்கே, என்ன வே?"

"ரெண்டு நாளுதான் போனேன்."

நூகு வலையை அவிழ்த்து விட்டான். வடகரைப் பக்கம் பார்த்தான். இப்போது அந்த வழியிலும் முள்தான் நின்றது. மறுபடியும் அடித்தான். எவ்வளவு நேரம் அடித்தான் என்று இசக்கியப்பனுக்குத் தெரியாது. கடைசியில் நூகு பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு காலும் குறக்குப் பிடிச்சிட்டு வே" என்றான்.

வலை போன இலேசில் நூகின் டியூப் காற்றோடு இசக்கியப்பனைத் தாண்டிப் போய் முள்ளில் ஏறியது. உஸ்ஸென்று சத்தம் வந்தது. இசக்கியப்பன் பதறிக் கயிற்றைச் சுண்டி இழுத்தான். நூகு நீட்டிய கையால் இவன் டியூபைப் பற்றித் தொங்கினான். டியூப் ஒரு பக்கமாக அமிழ்ந்தது.

திட்டுவான் என்று இசக்கியப்பன் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

"பைய அடியும்," என்றான் நூகு. "எண்ணிக்கிட்டே அடியும். இனி உம்ம காலுதான்."

இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். கோமுவைப் பற்றியும், நூகின் பிள்ளைகளைப் பற்றியும் நினைக்காமல் எண்ணினான். பத்து வந்ததும் கண்ணைத் திறந்தான்.

மரங்கள் இன்னும் ஒரு முழம் கிட்ட வந்திருந்தன.