நாகராசுக்கு வழியனுப்பு

அம்மை குத்தும் நாகராசு ஊருக்குள் நுழைந்தாலே பிள்ளைகள் புளியமரத்தில் ஏறிக்கொள்ளும். தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிடுவார்கள். தன் பொறுப்பில் இருந்த பத்தொன்பது ஊரிலும் இதை ஆறு வருடம் பொறுத்தார் நாகராசு. பினாங்கில் மாமா கடையில் நாலு மடங்கு சம்பளம் என்று கடிதம் வந்ததும் சரியென்று எழுதிப் போட்டுவிட்டார்.

செய்தி கேட்டு ஊரே குளிர்ந்துபோனது. மருந்துப் பெட்டியை ஆபீசில் ஒப்படைக்கப் பொன்னமராவதி பஸ்ஸுக்கு நின்றவருக்கு மாலை போட்டார்கள். பிள்ளைகள் ஒன்றுவிடாமல் வரிசையாக நின்று கும்பிட்டன.

"மகராசனாப் போங்க" என்று செங்கமலம் தன் மகனை முன்னால் தள்ளினாள்.

நாகராசு வரிசையைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார்.

"கையை நீட்டுடா."

தாங்களே மாலை போட்ட மனிதரை மறிக்க யாருக்கும் கை வரவில்லை. வரிசை முழுக்கக் குத்தி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அன்றே மாமாவுக்கு எழுதினார்: "இன்னும் பதினெட்டு ஊரில் வழியனுப்பு பாக்கி இருக்கிறது."