குளியல் கூடத்துக்கு வந்த மருந்து புத்தர்

அந்த ஆண்டு ஹெய்ஜோ தலைநகரை வாட்டிய வறட்சியைப் பற்றி நான் பேச்செடுத்தாலே என் மருமகள் எழுந்து போய்விடுவாள். போகட்டும். ஸாஹோ ஆற்று மீன்கள் கரையேறி, வில்லோ மர நிழல் தேடி நடந்ததை இந்த இரண்டு கண்ணால் பார்த்தவன் நான். மழை வேண்டி ஓதிய துறவிகளின் வாயிலிருந்து மந்திரத்தைவிடத் தூசிதான் அதிகம் வந்தது. எங்கள் கோயில் கிணறு மட்டும் வற்றவில்லை. அதனால் ஆவிக் குளியல் கூடமும் மூடப்படவில்லை. அதற்குப் பொறுப்பாளனான எனக்கும் ஓய்வில்லை.

காலையில் துறவிகள் குளிப்பார்கள். பிற்பகலில் ஊரிலுள்ள நோயாளிகளும் ஏழைகளும். நான் கொப்பரையில் எழுப்பும் ஆவியில், உள்ளே போனவனை அவன் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது.

ஊரெல்லாம் வயலுக்காக மழை கேட்டது. இனுமரோ மட்டும் புத்தருக்காகக் கேட்டான். அவன் சிற்பி, பாட்டன் காலத்தில் கடல் தாண்டி வந்த குடும்பம். புதிதாக எழுந்த மண்டபத்தில் தூண்களுக்குச் சிவப்புப் பூசியாகிவிட்டது, கூரையில் கடைசி ஓடும் ஏறிவிட்டது, பீடம் மட்டும் காலியாக நின்றது. அதில் உட்கார வேண்டிய, நோய் தீர்க்கும் மருந்து புத்தர் இனுமரோவின் பட்டறையில் பிசுபிசுவென்று இருந்தார்.

அவன் வேலை அப்படி. களிமண்ணில் உருவம் பிடித்து, அரக்கு மரத்துப் பாலில் நனைத்த சணல் துணியை அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்டுவான். முதுகைக் கீறி உள்ளே இருக்கும் மண்ணையெல்லாம் வழித்தெடுத்து, மரச்சட்டம் நிறுத்தி, முதுகைத் தைத்து மூடி மறுபடியும் அரக்கு பூசுவான். கடைசியில் புத்தருக்குள் இருப்பது வெறும் காற்று. ஆனால் இந்த அரக்குக்குக் குணமே தலைகீழ். உலகத்தில் எல்லாம் வெயிலில் காயும். இது ஈரக் காற்றில்தான் இறுகும்.

கண் திறப்பு விழாவுக்குச் சோதிட அலுவலகம் நாள் குறித்துவிட்டது. மலை நகர்ந்தாலும் அவர்கள் குறித்த நாள் நகராது. அன்றைக்குப் புத்தர் பீடத்தில் இருந்தால், அவரைச் சுற்றி நிற்கவேண்டிய பன்னிரண்டு காவல் தளபதிச் சிலைகளையும் செய்யும் வேலை இனுமரோவுக்கு. இல்லாவிட்டால் அது வெண்கலம் வார்ப்பவர்களுக்குப் போய்விடும். இவன் குடும்பத்தோடு கிழக்குக் காட்டுக்கு, அரக்கு மரம் கீறப் போகவேண்டும். அந்தக் காட்டில் கரடிகள் வீடு வீடாக வந்து நலம் விசாரிக்கும் என்று கேள்வி.

ஒருநாள் என்னிடம் வந்து நின்றான்.

“அண்ணே, உங்க குளியல்ல ஒரு ஆளுக்கு எடம் கிடைக்குமா?”

“உடம்புக்கு என்ன?”

“முதுகுல தையல் போட்டிருக்கு. ஆறவே மாட்டேங்குது.”

விஷயம் தலைமைத் துறவி ஜென்ஷோவின் காதுக்குப் போனது. வந்தார்.

“புத்தரை ஜனங்களோட சேத்து வேக வைக்கப் போறியா?” என்று இனுமரோவைக் கேட்டார்.

“வேக வைக்கல சாமி. மழைக்காலம்னு அவரை நம்ப வைக்கறேன். ஆவி நேராப் படாது, பாய்த்தட்டிக்குப் பின்னால ஒக்கார வைக்கறேன்.”

வாசலில் காத்திருந்த உப்பு விற்கும் மசுமே பேச்சில் குறுக்கே விழுந்தாள். முழங்கால் வலிக்காக வருபவள். வாய்க்கு வலியே கிடையாது.

“ஏன் சாமி, வைத்தியர்தானே அவரு? நோயாளிங்க பக்கத்துல உக்காந்தா என்ன கொறைஞ்சு போயிடுவாரு?”

ஜென்ஷோ, “சரி, ஆனா அவருக்குப் பக்கத்து எடம் எனக்கு” என்றார்.

நான்கு பேர் புத்தரைத் தூக்கி வந்தார்கள். நான்கு பேர் எதற்கு? மரியாதைக்கு. தூக்கணாங்குருவி இரண்டு நினைத்தால் தூக்கிப்போகும் கனம்தான்.

புத்தர் குளிக்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கூட்டம் வடக்கு மலை வரை நீண்டது. நான் எரித்த விறகில் இன்னொரு தலைநகரே கட்டியிருக்கலாம். ஜென்ஷோ தினமும் தட்டிக்கு ஒட்டியபடி கண் மூடி உட்கார்ந்திருப்பார்.

பிறகு அரிப்பு ஆரம்பித்தது. பச்சை அரக்கின் மூச்சுக் காற்று பட்டாலே போதும், சில பேருக்கு உடம்பு தடித்துவிடும். இனுமரோவுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், மற்றவர்களுக்கு?

“வைத்தியம் பண்ண வந்தவரு சீக்குக் குடுத்துட்டாரேய்யா!” என்று ஒருவன் கத்தினான். தூண்கள் எல்லாம் முதுகு தேய்த்தே பளபளத்தன. எல்லோரையும்விட மோசம் ஜென்ஷோ. முகம் சுரைக்காயாக வீங்கி, கண் இரண்டும் கோடாகிவிட்டன.

இனுமரோ அவர் காலில் விழுந்தான். “சாமி, இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன்.”

“தையல் இறுகிடுச்சா?”

“பாதிதான்.”

“அப்புறம் எதுக்கு எழுப்பறே? நான் சொறிஞ்சுக்கறேன். நீ முதுகைப் பாரு.”

அந்த மனிதரை அதுவரை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவருக்குத் தனியாக ஒரு கட்டு நல்ல விறகு எரித்தேன்.

மசுமே ஆற்று நண்டுகளை உரலில் இட்டு இடித்துக்கொண்டு வந்தாள். அரக்கு அரிப்புக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் மருந்து. பூசிக்கொண்டவர்களுக்கு வீக்கம் வடிந்தது. நாற்றம் மட்டும் பக்கத்து மாகாணம்வரை போனது. ஜென்ஷோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உயிரைக் கொன்னு எனக்கு மருந்தா? வேண்டாம்.”

“கொன்னது நான், பாவம் என்னோடது. நீங்க பூசிக்கிட்டா மட்டும் போதும்.”

“உன் பாவத்தை நான் முகத்துல பூசிக்கணுமா? போ தாயே.”

விழா நாள் விடியும்போது இனுமரோ புத்தரின் முதுகில் விரலை மடக்கித் தட்டினான். டொக்கென்று சத்தம். மறுபடி தட்டினான். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினான். புத்தரைப் பீடத்துக்கு நாங்களே சுமப்போம் என்று நண்டு பூசிய கூட்டம் அடம்பிடித்தது.

மண்டபத்தில் அரண்மனை அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். விழிக்கு மை தீட்டும் தூரிகையிலிருந்து நீண்ட நூல்கள் தொங்கின, ஊரே ஆளுக்கொன்றாகப் பிடித்துப் புண்ணியத்தில் பங்கு பெற. தீட்ட வேண்டியவர் ஜென்ஷோ. அவருக்கோ வீங்கிய கண்ணில் படி எங்கே, பீடம் எங்கே என்றே தெரியவில்லை.

அதிகாரி ஒருவர் பதறினார். “கண்ணே தெறக்கலையே! வேற நாள் பாக்கலாமா?”

“வேறு நாள் இல்லை” என்றார் சோதிடர், பின்னாலிருந்து.

இனுமரோவின் முகத்தில் கிழக்குக் காட்டுக் கரடி தெரிந்தது.

“இனுமரோ எங்கே?” என்றார் ஜென்ஷோ. “இங்க வா. என் மணிக்கட்டைப் பிடி.”

“சிலை செஞ்சவன் கை பட்டு, புத்தர் கண் தெறக்கற வழக்கம் கெடையாதே!” என்றார் அதிகாரி.

“ஈர அறையில அவரோட ஒக்காந்தவன் நான். எனக்குத் தெரியாத வழக்கமா? பிடிடா.”

இனுமரோ பிடித்தான். இரண்டு கையும் சேர்ந்து தூரிகையை உயர்த்தின. நூல்கள் எல்லாம் லேசாக அசைந்தன. என் விரலிலும் ஒரு நூல் இருந்தது, அது துடித்ததை நான் உணர்ந்தேன், இது மிகையில்லை. வலது விழி வந்தது. இடது விழியும் வந்தது. மசுமே, “என்னையத்தான் பாக்குறாரு” என்றாள். சுற்றியிருந்த அத்தனை பேரும் அதையே சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் ஜென்ஷோ.

“நல்லா இருக்கு சாமி.”

“அப்ப பன்னெண்டு தளபதிக்கும் எப்ப மண்ணு பெசையறே?”

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் தலையாட்டினார். இனுமரோ கூட்டத்துக்குள் என்னைத் தேடினான்.

“அண்ணே, வெறகு இருக்கா?”